ஏழு மதில் தாண்டி வரும் ஒற்றன்

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு மதில் புதிதல்ல. 7 திருச்சுற்றுகள், 21 கோபுரங்கள், 156 ஏக்கர் என்று விரிந்து கிடக்கும் கோயிலின் வெளிச்சுற்றுகளில்தான் உத்திர வீதியும் சித்திரை வீதியும் அடையவளஞ்சான் வீதியும் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக மதிலுக்குள்ளேயே குடித்தனம். ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம் என்று ஊரே ஒரு தீவு. இதைவிடப் பத்திரமான இடம் உண்டா என்று தோன்றும்.

ஆனால், அந்த வீடுகளின் கூடத்தில் இன்று ஒரு லேப்டாப் இருக்கிறது. பெங்களூரிலோ நியூஜெர்சியிலோ வேலை பார்க்கும் பிள்ளை, “எனக்குப் புதுசு வந்துடுச்சு, இதை அப்பா வெச்சுக்கட்டும்” என்று விட்டுப்போனதாக இருக்கும். ஆற்றைக் கடந்து வந்தால் தில்லை நகர், உறையூர், கே.கே. நகர் என்று திருச்சி முழுக்க இதே காட்சிதான். பேரக் குழந்தையோடு வீடியோ காலில் பேசுவது அதில். ரயில் டிக்கெட், கரன்ட் பில், வங்கிக் கணக்கு, பென்ஷன் விவரம் எல்லாம் அதில். லீவுக்கு வரும் பேரன் கேம்ஸ் விளையாடுவதும் அதே லேப்டாப்பில்தான்.

ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்புக்கும் சாவி அந்த மேஜை மேல் இருக்கிறது. சுவர் ஏறிக் குதிக்காமல், நாய் குரைக்காமல் அந்தச் சாவிக்கு நகல் எடுக்க வருபவன்தான் ‘ஸ்பைவேர்’ எனப்படும் உளவு மென்பொருள். அவனைப் பிடிக்க வாசலில் நிற்கும் காவல்காரன் ஆன்ட்டி ஸ்பைவேர். இந்தக் காவல்காரன் எப்படி வேலை செய்கிறான், எந்த இடத்தில் அவன் கை கட்டப்பட்டுவிடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது, எந்த மென்பொருளைக் காசு கொடுத்து வாங்குவதைவிடவும் முக்கியம்.

சத்தம் போடாத திருடன்

பழைய கால வைரஸ் ஒரு முரடன். உள்ளே புகுந்தால் ஃபைலை அழிக்கும், திரையைக் கறுப்பாக்கும், கம்ப்யூட்டரையே முடக்கும். வந்திருப்பது உடனே தெரிந்துவிடும். உளவு மென்பொருள் அப்படியல்ல. அது எதையும் உடைக்காது. வீட்டில் தங்கியிருக்கும் தூரத்து உறவினர் போல ஓர் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கும். நீங்கள் கவனிக்காமல் இருக்கும்வரைதான் அதற்குப் பிழைப்பு.

இதில் பல ரகம் உண்டு. ‘கீலாகர்’ என்பது நீங்கள் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் குறித்துவைத்து வெளியே அனுப்பும். பாஸ்வேர்டு திரையில் வெறும் புள்ளியாகத் தெரியலாம். விரல் எந்த எழுத்தைத் தட்டியது என்பது அதற்குத் தெரியும். இன்னொரு ரகம், பிரவுசரில் நீங்கள் சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்டுகளையும் ‘குக்கி’களையும் மொத்தமாக அள்ளிக்கொண்டு போகும். குக்கி என்பது, ஏற்கெனவே லாக்-இன் செய்தவரை அடையாளம் காண இணையதளம் கொடுக்கும் ஒரு டோக்கன். டோக்கனைக் காட்டினால் பந்தியில் உட்கார வைத்துவிடுவார்கள், நீ யார் என்று கேட்க மாட்டார்கள் இல்லையா? அதுபோல, குக்கி களவு போனால் பாஸ்வேர்டு தெரியாமலேயே உங்கள் மெயிலுக்குள் ஒருவர் உட்கார்ந்துவிட முடியும்.

பிரவுசரைத் திறந்தவுடன் நீங்கள் வைக்காத ஏதோ ஒரு பக்கம் வந்து நிற்கிறதா? எங்கே தொட்டாலும் விளம்பரம் குதிக்கிறதா? அது ‘ஆட்வேர்’. திருட்டு என்று சொல்ல முடியாத, ஆனால் நீங்கள் என்ன தேடுகிறீர்கள் என்று மோப்பம் பிடித்து விற்கும் ரகம். இவை எல்லாவற்றையும்விட மோசமானது, தொலைவில் இருந்தே உங்கள் திரையையும் கேமராவையும் இயக்கத் தரும் ரகம்.

இவை எப்படி உள்ளே வருகின்றன? பெரும்பாலும் நாமே கூப்பிட்டுத்தான். “ஓசியில் கிடைத்தால் ஃபினாயிலையும் குடிப்பான்” என்று கேலியாகச் சொல்வார்களே, அந்தப் பழக்கம்தான் முதல் வாசல். காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் ‘கிராக்’ பதிப்பு, இலவச வீடியோ டவுன்லோடர், பேரன் ஆசைப்பட்ட கேமின் திருட்டுப் பிரதி. இவற்றை நிறுவும்போது ‘நெக்ஸ்ட்... நெக்ஸ்ட்...’ என்று தட்டிக்கொண்டே போவோம். நடுவில் ஒரு சின்ன கட்டத்தில் ‘இதையும் சேர்த்து நிறுவச் சம்மதம்’ என்று டிக் போட்டிருப்பார்கள். படிக்காமல் போட்ட கையெழுத்து அது.

இரண்டாவது வாசல் பென் டிரைவ். ஹால் டிக்கெட்டோ ஆதார் நகலோ பிரின்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போன பென் டிரைவ், பல பேருடைய பென் டிரைவ் ஏறி இறங்கிய கம்ப்யூட்டரில் செருகப்பட்டு, அப்படியே வீட்டுக்கு வருகிறது. கடைக்காரர் மேல் தப்பில்லை. அவருக்கே தெரியாமல் நடப்பது அது. மூன்றாவது வாசல், ‘பில்’, ‘பார்சல் விவரம்’ என்ற பெயரில் வரும் மெயில் இணைப்பு.

கூடங்குளத்தில் நடந்தது

இது ஏதோ கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கு வரும் தலைவலி என்று நினைக்க வேண்டாம். நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு நிகழ்வைப் பாருங்கள்.

2019 அக்டோபர் கடைசியில், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கம்ப்யூட்டரில் உளவு மென்பொருள் புகுந்துவிட்டது என்று சமூக ஊடகத்தில் செய்தி பரவியது. அக்டோபர் 29-ம் தேதி நிலையத்தின் தரப்பில் மறுப்பு வந்தது. மறுநாளே, அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் உண்மையை ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைகளுக்காக இணையத்தோடு இணைக்கப்பட்டிருந்த வலையமைப்பில், ஒரு பயனாளரின் கம்ப்யூட்டரில்தான் அது புகுந்திருந்தது. நாட்டின் கணினி அவசர உதவிக் குழுவான ‘செர்ட்-இன்’ செப்டம்பர் 4-ம் தேதியே அதைக் கவனித்துச் சொல்லிவிட்டது.

புகுந்ததாகச் சொல்லப்பட்ட மென்பொருளின் பெயர் ‘டிட்ராக்’. தட்டும் எழுத்துகளைப் பதிவுசெய்வது, பிரவுசரில் எந்தெந்தப் பக்கம் போனோம் என்று பார்ப்பது, டிஸ்க்கில் இருக்கும் ஃபைல்களைப் பட்டியல் எடுப்பது, எந்த புரோகிராம்கள் ஓடுகின்றன, எந்த வலையமைப்போடு தொடர்பு இருக்கிறது என்று குறித்துக்கொள்வது. இவைதான் அதன் வேலை. இதன் உறவுக்கார மென்பொருள் ஒன்று, இந்திய ஏ.டி.எம்.களில் செருகப்படும் கார்டுகளின் விவரத்தைத் திருட எழுதப்பட்டது என்று காஸ்பர்ஸ்கி நிறுவனம் அதே 2019 செப்டம்பரில் விளக்கியிருந்தது.

அணு உலையை இயக்கும் கம்ப்யூட்டர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம், அந்த வலையமைப்பு இணையத்தோடு தொடர்பே இல்லாமல் தனியாக வைக்கப்பட்டிருந்தது. இந்தப் பாடம் வீட்டுக்கும் பொருந்தும்: முக்கியமானதை மற்றதிலிருந்து பிரித்து வை. அதை எப்படிச் செய்வது என்று பின்னால் பார்ப்போம்.

காவல்காரன் எப்படிப் பிடிக்கிறான்?

ஆன்ட்டி ஸ்பைவேரின் கதை 25 ஆண்டுகள் பழையது. விளம்பரக் கம்பெனிகளின் மென்பொருள் தன் கம்ப்யூட்டரிலிருந்து சொல்லாமல் தகவல் அனுப்புவதைப் பார்த்துச் சந்தேகப்பட்ட ஸ்டீவ் கிப்சன் என்ற அமெரிக்கர், 2000-ம் ஆண்டு ‘ஆப்ட்அவுட்’ என்ற சிறிய நிரலை எழுதினார். ‘ஆட்-அவேர்’, ‘ஸ்பைபாட்’ எல்லாம் அந்தக் காலத்துப் பெயர்கள். 2004 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட், ஜயன்ட் என்ற கம்பெனியை வாங்கியது. அந்தக் கம்பெனியின் ஆன்ட்டி ஸ்பைவேர்தான் வளர்ந்து இன்று ஒவ்வொரு விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் இருக்கும் ‘டிஃபெண்டர்’ ஆகியிருக்கிறது. இன்று வைரஸுக்கு ஒன்று, ஸ்பைவேருக்கு ஒன்று என்று தனித்தனியாகத் தேடத் தேவையில்லை. நல்ல ஆன்ட்டிவைரஸ் இரண்டையும் பார்த்துக்கொள்ளும்.

அதன் வேலையை நான்கு படிகளாகப் பிரிக்கலாம்.

முதல் படி, அடையாளம் பார்ப்பது. போலீஸ் ஸ்டேஷன் சுவரில் பழைய குற்றவாளிகளின் போட்டோ ஒட்டியிருக்குமே, அந்த மாதிரி. இதுவரை பிடிபட்ட ஒவ்வோர் உளவு மென்பொருளுக்கும் ஒரு கைரேகை எடுத்துப் பட்டியல் வைத்திருப்பார்கள். கம்ப்யூட்டருக்குள் வரும் ஃபைலின் கைரேகை பட்டியலோடு பொருந்தினால் அதோடு கதை முடிந்தது. ஆனால், பட்டியல் பழசாக இருந்தால் பயனில்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்திருக்கும்போது நேற்றைய அளவை வைத்துக்கொண்டு இன்று அம்மா மண்டபம் படித்துறையில் யாராவது இறங்குவார்களா? ‘அப்டேட்’ என்று கேட்கும்போதெல்லாம் ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளுவது அப்படித்தான்.

இரண்டாவது படி, நடத்தை பார்ப்பது. முகம் புதிது, பட்டியலில் இல்லை. ஆனால், கால்குலேட்டர் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு புரோகிராம் எதற்காகக் கீபோர்டை ஒட்டுக்கேட்கிறது? எதற்காகப் பாஸ்வேர்டு இருக்கும் ஃபோல்டரைத் திறக்கிறது? எதற்காக வெளிநாட்டில் ஒரு கம்ப்யூட்டருக்குத் தகவல் அனுப்புகிறது? பால் ஊற்ற வந்தவர் பீரோவைத் திறந்து பார்த்தால் சந்தேகம் வராதா? அந்தச் சந்தேகத்தில் நிறுத்திவைக்கும் படி இது. இதனால் சில சமயம் நல்ல புரோகிராமும் மாட்டிக்கொள்வது உண்டு.

மூன்றாவது படி, வாசலிலேயே மறிப்பது. ஃபைல் டவுன்லோடு ஆகும்போதும், பென் டிரைவில் இருக்கும் ஃபைலைத் திறக்கும்போதும் உடனுக்குடன் சோதிப்பது. இதை ‘ரியல்-டைம் ப்ரொடெக்‌ஷன்’ என்கிறார்கள். “கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு” என்று சிலர் இதை அணைத்துவிடுவார்கள். இரவு வாட்ச்மேன் விசில் ஊதுவது தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அவரை வீட்டுக்கு அனுப்புவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நான்காவது படி, தனிமைப்படுத்துவது. கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் பழகிய சொல். சந்தேகப்பட்ட ஃபைலை உடனே அழிக்காமல், அது ஓட முடியாதபடி ஒரு தனி அறையில் பூட்டிவைக்கும். தவறுதலாகப் பிடித்திருந்தால் திரும்ப எடுக்கலாம். இல்லையென்றால் நிரந்தரமாக நீக்கிவிடலாம்.

இதற்குக் காசு செலவழிக்க வேண்டுமா? விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் கூடவே வருகிறது. வீட்டு உபயோகத்துக்கு, அதை ஒழுங்காக அப்டேட் செய்துவந்தாலே நல்ல காவல்தான். கூடுதல் வசதி வேண்டும் என்பவர்கள் வாங்கலாம். 1991-ல் சென்னையில் தொடங்கிய கே7, புனேயின் க்விக் ஹீல் என்று நம் நாட்டுத் தயாரிப்புகளும் இருக்கின்றன. ஆனால், இரண்டு மூன்றை ஒரே கம்ப்யூட்டரில் நிறுவக் கூடாது. ஒருவரையொருவர் திருடன் என்று நினைத்துச் சண்டை போட்டுக்கொள்வார்கள், கம்ப்யூட்டர் நகராது.

வேலியே பயிரை மேய்ந்தால்

இணையத்தில் உலாவும்போது திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு. ‘உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது! உடனே ஸ்கேன் செய்யுங்கள்!’ பயந்துபோய் அழுத்தினால், காப்பாற்ற வந்ததாகச் சொல்லும் அந்த மென்பொருள்தான் ஒற்றன். ‘வின்ஃபிக்சர்’ போன்ற பெயர்களில் இப்படிப் போலி எச்சரிக்கை காட்டி 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் விற்ற கூட்டத்தின் மேல் 2008-ல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. 2012-ல் 16 கோடியே 30 லட்சம் டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது.

இப்போது அந்த நாடகத்தில் ஒரு போன் நம்பரும் சேர்ந்திருக்கிறது. ‘மைக்ரோசாஃப்ட் உதவி மையம்’ என்று போட்டிருக்கும் எண்ணுக்கு அழைத்தால், ஆடு நனைகிறதே என்று அழும் ஓநாய் எதிர்முனையில் பேசும். 2023 அக்டோபரில் சி.பி.ஐ. ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்ற பெயரில் நாடு முழுவதும் 76 இடங்களில் சோதனை நடத்தியது. அந்த வழக்குகளில் இரண்டு, மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்கள் கொடுத்த புகாரின் பேரில் பதிவானவை. இப்படிப் போலி உதவி மையம் நடத்தி வெளிநாட்டவரை ஏமாற்றியவர்கள் மீதானவை.

ஒன்றை நினைவில் வையுங்கள். உண்மையான ஆன்ட்டி ஸ்பைவேர் எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. மைக்ரோசாஃப்ட் யாருக்கும் தானாகப் போன் செய்து “உங்க கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு” என்று சொல்லாது.

காவல்காரன் கை கட்டப்படும் இடம்

அந்த எதிர்முனை ஆள் அடுத்து என்ன சொல்வார்? “சார், ஒரு சின்ன ஆப் இறக்குங்க. அதுல வர்ற ஒன்பது நம்பரைச் சொல்லுங்க.” அந்த ஆப் திருட்டு மென்பொருள் அல்ல. அலுவலகங்களில் தொலைவிலிருந்து கம்ப்யூட்டரைச் சரிசெய்ய தினமும் பயன்படுத்தும் நேர்மையான கருவி. அதனால் ஆன்ட்டி ஸ்பைவேர் அதைத் தடுக்காது. நம்பரைச் சொல்வது நீங்கள். ‘சம்மதம்’ என்று அழுத்துவதும் நீங்கள். வீட்டுக்காரரே கைப்பிடித்து உள்ளே அழைத்துவரும் விருந்தாளியை வாட்ச்மேன் எப்படி மறிப்பார்? இந்த வகை மோசடி பற்றி 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்திருக்கிறது.

“ஆன்ட்டிவைரஸை ரெண்டு நிமிஷம் ஆஃப் பண்ணுங்க” என்று யார் சொன்னாலும், அது போனில் பேசும் ஆளாக இருந்தாலும் சரி, கிராக் மென்பொருளோடு வந்த குறிப்பாக இருந்தாலும் சரி, அந்த இடத்தில் நின்றுவிடுங்கள். காவலை விலக்கச் சொல்பவன் நல்லதற்குச் சொல்ல மாட்டான்.

போனிலும் இதே கதைதான். வாட்ஸ்அப்பில் ‘கல்யாணப் பத்திரிகை’ என்றோ ‘டிராஃபிக் சலான்’ என்றோ ஒரு ஃபைல் வரும். பெயரின் கடைசியில் ‘ஏபிகே’ என்று இருந்தால் அது பத்திரிகை அல்ல, ஆப். நிறுவினால் உங்கள் எஸ்.எம்.எஸ்.களை, வங்கி ஓ.டி.பி. உட்பட, படிக்கத் தொடங்கிவிடும். சொந்தக்காரர் நம்பரிலிருந்து வந்தாலும் நம்பாதீர்கள். அவர் போன் ஏற்கெனவே களவு போயிருக்கலாம். ஒரு போன் போட்டு “அண்ணா, பத்திரிகை அனுப்பினீங்களா?” என்று கேட்க அரை நிமிடம் போதும்.

ஒற்றன் எப்போதும் வெளியாள்தான் என்றும் சொல்ல முடியாது. மனைவி யாரோடு பேசுகிறார், எங்கே போகிறார் என்று பார்க்க அவருக்குத் தெரியாமல் போனில் ஆப் வைக்கும் கணவர்கள் உண்டு, மாறாகவும் உண்டு. ‘அக்கறை’ என்ற பெயரில் நடக்கும் இந்த வேலையைத் தடுக்க 2019-ல் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனங்களும் பெண்கள் நல அமைப்புகளும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பையே தொடங்கின. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின்படி, அடுத்தவர் கருவியில் அவர் அனுமதி இல்லாமல், தீய நோக்கத்தோடு இப்படிப் புகுத்துவது குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம்

1. ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தேடித் திறங்கள். ‘வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன்’ பகுதியில் ரியல்-டைம் காவல் ஆனில் இருக்கிறதா என்று பார்த்து, அப்டேட் செய்து, ஒரு குயிக் ஸ்கேன் ஓட்டுங்கள். மாதம் ஒருமுறை ஃபுல் ஸ்கேன்.

2. சந்தேகம் பலமாக இருந்தால் அங்கேயே ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ இருக்கிறது. விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே சோதிப்பதால், ஒளிந்திருக்கும் மென்பொருளும் மாட்டும். சுமார் 15 நிமிடம் ஆகும். திறந்திருக்கும் வேலைகளை முதலில் சேமித்துவிடுங்கள்.

3. ‘ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்’ பகுதியில், தேவையற்ற ஆப்களைத் தடுக்கும் வசதி ஆனில் இருக்கட்டும். ஆட்வேர் ரகம் இதில்தான் சிக்கும்.

4. கூடங்குளம் பாடம்: பேரனுக்குத் தனி யூசர் கணக்கு, அதுவும் ‘ஸ்டாண்டர்டு’ வகை. அதில் புதிய மென்பொருள் நிறுவ வேண்டும் என்றால் பெரியவர் பாஸ்வேர்டு கேட்கும். வங்கி வேலைக்கு வேறு கணக்கு.

5. பிரவுசரில் வங்கி பாஸ்வேர்டைச் சேமிக்காதீர்கள். பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களில் நீங்கள் போடாதது எது இருந்தாலும் நீக்குங்கள்.

6. லேப்டாப்பில் விண்டோஸ் 10 இருந்தால், அதற்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-டோடு முடிந்துவிட்டது. அடுத்த ஏற்பாடு என்ன என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.

7. மத்திய அரசின் ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ 2017 முதல் சுத்தப்படுத்தும் கருவிகளை இலவசமாகத் தருகிறது. கண்ட தளத்தில் தேடாமல் அங்கே போய் எடுக்கலாம்.

வெட்கம் வேண்டாம்

இவ்வளவுக்கும் பிறகு பணம் போய்விட்டால்? முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். 1930 என்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மாற்றுங்கள். அதே கம்ப்யூட்டரில் மாற்றினால் புதியதையும் ஒற்றன் குறித்துக்கொள்வான். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று தாவிக்கொண்டே இருக்கும். அது வெளியே எடுக்கப்படுவதற்குள் புகார் போய்ச் சேர்ந்தால் வழியிலேயே முடக்கிவைக்க முடியும். பிறகு சைபர் கிரைம் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கலாம்.

ஆனால், வயதானவர்கள் பலர் முதல் நாள் யாரிடமும் சொல்வதில்லை. “இந்த வயசுல எதுக்குப்பா இதெல்லாம் உங்களுக்கு?” என்று பிள்ளை கோபப்படுவானோ என்ற பயம். அக்கம்பக்கத்தில் தெரிந்தால் அவமானம் என்ற நினைப்பு. அந்த ஒரு நாள் மௌனம்தான் திருடனுக்குக் கிடைக்கும் பெரிய உதவி.

அதனால் ஒரு வார்த்தை வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு. அணுமின் நிலையத்துக்குள்ளேயே நுழைந்த ஒற்றன் அம்மாவின் லேப்டாப்பில் நுழைந்தால் அது அம்மாவின் முட்டாள்தனம் அல்ல. அடுத்த வீடியோ காலில், “சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா” என்பதோடு “ஸ்கேன் ஓட்டினீங்களா” என்றும் கேளுங்கள். “ஏதாவது தப்பா அழுத்திட்டா உடனே எனக்குப் போன் பண்ணுங்க, நான் திட்ட மாட்டேன்” என்று இப்போதே சொல்லிவையுங்கள். எந்த ஆன்ட்டி ஸ்பைவேராலும் தர முடியாத பாதுகாப்பு அது.